பூந்தமல்லியில் வண்டி நிறுத்த ஓர் இடம்

எண்பதுகளின் கடைசியில் நான் சரியான மோட்டார் சைக்கிள் பைத்தியம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை, பூந்தமல்லியில் வீடு. நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் கன்னியாகுமரி, மைசூர் என்று கிளம்பிவிடுவேன். எந்த ஊர் லாட்ஜிலும் ரூம் இருக்கிறதா என்று கேட்டதில்லை. "வண்டி உள்ளே வருமா?" என்பதுதான் முதல் கேள்வி. படியில் பலகை போட்டு ஏற்ற விடுவார்கள் என்றால் மூட்டைப்பூச்சிக் கட்டிலும் எனக்குச் சொர்க்கம். ஒருமுறை உளுந்தூர்ப்பேட்டையில் எங்குமே இடம் கிடைக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு மனிதர் தன் வீட்டுக் கூடத்திலிருந்த வேர்க்கடலை மூட்டைகளை நகர்த்திவிட்டு என் வண்டியை உள்ளே விடச் சொன்னார்.

அப்படிப்பட்ட நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

ஒரு சாயங்காலம் டிரங்க் ரோட்டு டீக்கடையில் நின்றிருந்தேன். கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஓர் இளைஞன், உடம்பெல்லாம் புழுதியோடு வண்டியில் வந்து இறங்கினான். பழவேற்காடு வரைக்கும் போகிறானாம்.

"வண்டிய உள்ள உடுற மாதிரி லாட்ஜ் இருக்குதுங்களா?" என்று கடைக்காரரிடம் கேட்டான். "எங்கண்ணன் வண்டிங்க. கெஞ்சிக் கூத்தாடி வாங்கியாந்தேன். பத்திரமா கொண்டுபோய் உடணும்."

கடைக்காரர் என்னைக் கைகாட்டினார். "இவரும் உன்ன மாரிதான் நைனா, வண்டிய எடுத்துகினு ஊர் ஊரா சுத்துறவரு. அவராண்ட கேளு."

எங்கள் பக்கத்தில் இருந்த ஒரே லாட்ஜ் மாடியில் இருந்தது. வண்டி தெருவில்தான் நிற்கும். என் வீட்டின் பக்கவாட்டிலோ கதவு போட்ட சந்து, தாராளமாக மூன்று வண்டி நிற்கும். கூப்பிட வாயெடுத்தேன், சத்தியமாக. அதற்குள் அவன் வண்டியிலிருந்து ஆயில் சொட்டுவதைப் பார்த்துத் தொலைத்தேன். சந்துக்கு அந்த வாரம்தான் சிமெண்ட் பூசியிருந்தேன்.

"லாட்ஜ் வாசல்லயே உட்டுரு நைனா. நம்ம ஊர்ல ஒருத்தனும் கை வைக்கமாட்டான். நான் சொல்றேன் இல்ல?" என்றேன்.

இந்தப் பாழாய்ப்போன வாய்க்கு அந்தக் கடைசி வார்த்தை தேவையா? வேறு யார் சொல்லியிருந்தாலும் அவன் இன்னும் நாலு பேரைக் கேட்டிருப்பான். நானும் வண்டிக்காரன் என்பதால் நம்பிப் போய்விட்டான்.

மறுநாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றான். டீக்கடைக்காரர் வழி சொல்லியிருக்கிறார். நடந்து வந்திருந்தான். 

"வண்டியக் காணோங்கண்ணா. போலீஸ் ஸ்டேஷன் எங்க இருக்குதுங்க? அண்ணனுக்கு என்னான்னு சொல்லுவேன்?"

ஸ்டேஷனுக்கு அவன் கூடவே போனேன். வண்டி கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் இன்றுவரை என்னை அரித்துத் தின்பது, கிளம்புமுன் என் வாசலில் நடந்ததுதான்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குள் திறந்திருந்த கதவு வழியாக அவன் கண் சந்துக்குள் போய்விட்டது. சுவரோரமாக என் வண்டி. மீதி இடமெல்லாம் காலி.

"இங்க இடம் இருந்திருக்குதுங்களேண்ணா?" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

உண்மையைச் சொல்லி அவன் கையைப் பிடித்திருக்கலாம். நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கூசுகிறது.

"அது பக்கத்து ஊட்டுக்காரர் வண்டி வைக்கிற எடம்பா. வெளியூர் போயிருக்காரு."

அவன் முகம் வாடிவிட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா," என்றான். "தெரியாம கேட்டுட்டேன்."