கடைசி மெஷின்காரன்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளில் என்னிடம் அடி வாங்காதவர்களை எண்ணிவிடலாம். கபடி ஆட்டத்தில் ஒருவன் பல்லை உடைத்திருக்கிறேன். தண்ணீர்க் குழாயடியில் ஒருவன் காதைக் கிழித்திருக்கிறேன். அதையெல்லாம் வீரம் என்று நினைத்துக்கொண்டு மீசையை முறுக்கிய காலம் அது. அந்தச் சண்டைகளில் பாதி இன்று ஞாபகம்கூட இல்லை. ஆனால் ஒரு பெட்ரோல் பைப்புக்காக என் தங்கச்சி புருஷனை அடித்தேனே, அது மட்டும் இந்த வயதிலும் சோற்றில் கல்லாகக் கடிபடுகிறது.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் தங்கச் சுரங்கத்தில் பைப் ஃபிட்டர். மச்சான் மெஷின்காரன், அதாவது பாறையில் துளை போடும் டிரில்லைப் பிடித்து நிற்பவன். இரண்டு பேர் பிழைப்பும் ஒரே காற்றில்தான் ஓடியது. மேலே கம்ப்ரசரில் அழுத்திய காற்று ஒரு பெரிய பைப்பில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் ஓடும் ஷாஃப்ட் என்ற ஆழ்குழி வழியாகக் கீழே இறங்கும். ஒவ்வொரு லெவலிலும் அதில் ஒரு கிளை எடுத்து, அந்தக் கிளையிலிருந்து இன்னும் சில கிளைகள் எடுத்து, மெஷின் மெஷினாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. எங்கே காற்று வேண்டுமோ அங்கே பைப்பை வெட்டி, கிளை பிரிக்கும் டீ ஜாயின்ட் ஒன்றைப் போடு. ஃபிட்டர்களின் மொத்த சாஸ்திரமும் அவ்வளவுதான்.

மச்சானுக்கு அந்த வருஷம் இருமல் ஆரம்பித்திருந்தது. பாறைத் தூள் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டால் எந்த மருந்துக்கும் அது எழுந்து வராது. அந்த இருமலோடு போன எத்தனையோ பேரை நாங்கள் தோளில் சுமந்திருக்கிறோம். அவன் இருமும்போதெல்லாம் என் தங்கச்சி கையிலிருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிடுவாள். இருமல் நின்ற பிறகுதான் அவள் கை மறுபடி அசையும். கீழே இறங்குவதை நிறுத்தினால் பிழைத்துக்கொள்வான். ஆனால் சுரங்கத்தை விட்டால் சோற்றுக்கு என்ன வழி?

வழி ஒன்று வந்தது. மச்சானுக்கு மோட்டார் வேலை அத்துபடி. லாரிக்காரர்கள் தேடி வந்து அவனிடம் காட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தமங்களா ஏரிக்கரையில் நின்றுபோன ஒரு காரைக் கால் மணி நேரத்தில் கிளப்பிக் கொடுத்தான். அதன் சொந்தக்காரர் பெங்களூரில் பல் டாக்டர், தமிழர், கார் பந்தயப் பைத்தியம். பந்தய வண்டிகளுக்கென்றே ஒரு ஒர்க்‌ஷாப் திறக்கப் போவதாகச் சொன்னார். இந்த வண்டியை வேகமான வண்டியாக மாற்றிக் காட்டினால் ஒர்க்‌ஷாப்பை மச்சான் கையில் கொடுத்துவிடுவேன் என்றார். அன்று வீட்டுக்கு வந்தவன் தங்கச்சியிடம், “மேல வந்துடலாம்டி, மேலயே இருந்துடலாம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

டாக்டரின் யோசனை விசித்திரமானது. பல் பிடுங்கும்போது நோயாளிக்கு வலி தெரியாமலிருக்கக் கொடுப்பார்களே, சிரிப்பு வாயு, நைட்ரஸ், அதை என்ஜினுக்குள் விட வேண்டும் என்றார். போர்க் காலத்தில் விமானங்களுக்கே அப்படிக் கொடுத்தார்களாம். அந்த வாயு உள்ளே போனால் பெட்ரோல் வெறிபிடித்து எரியும், சில நொடிகளுக்கு வண்டியின் பலம் கூடும். வண்டியை மச்சானிடமே விட்டு, நீல நிற சிலிண்டர் ஒன்றையும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். அதற்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்து மச்சான்தான் என்னைக் கூப்பிட்டான். “இது பைப்பு தெரிஞ்சவன் கைக்குத்தான் அடங்கும் மச்சான். நீ வந்தாத்தான் ஆவும்” என்றான். அவன் கூப்பிட்டுத்தான் நான் போனேன். அதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சிலிண்டரிலிருந்து என்ஜின் வரை காப்பர் பைப் இழுத்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் கதவோரமாக வால்வு வைத்து, இரண்டே ஞாயிறுகளில் முடித்தேன். ஒரு பொட்டு கசியவில்லை. மிச்சமிருந்தது ஒன்றுதான். வாயு மட்டும் போய், அதற்கு ஈடான பெட்ரோல் போகாவிட்டால் நெருப்பு இரும்பையே தின்ன ஆரம்பிக்கும், பிஸ்டன் உருகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அந்தக் கூடுதல் பெட்ரோலை எப்படிக் கொடுப்பது என்பதை எங்கள் பொறுப்பில் விட்டிருந்தார்.

மூன்றாவது ஞாயிறு மச்சான் ஒரு தகர டேங்க்கோடு வந்தான். பால் கேன் அளவு. ஒரு வாரம் உட்கார்ந்து அவனே பற்றவைத்தது. ஓடாமல் கிடந்த ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிய சின்ன எலெக்ட்ரிக் பம்ப் ஒன்றும் இருந்தது.

“இதுக்குத் தனி டேங்க், தனி பம்பு, தனி பைப்பு. நீ வால்வு தொறந்தா இது ஓடும், மூடினா நிக்கும். மெயின் லைனை நாம தொடவே கூடாது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “பால்காரன் மாதிரி கேனைத் தூக்கினு வந்துட்டான் பாரு. பம்புலேர்ந்து கார்புரேட்டருக்கு ஏற்கெனவே பைப்பு போவுது. நடுவுல ஒரு டீ போட்டா வேலை முடிஞ்சிது. இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கூத்து?”

“அந்தப் பம்பு இத்தினூண்டு மச்சான். ஒரு வாய்க்குத்தான் ஊட்டும். ரெண்டு வாய் தொறந்தா ரெண்டும் பட்டினி.”

“பதினஞ்சு வருசமா டீ போட்டுக்கினு கீறேன். என் லைன் எதுவும் பட்டினி கெடந்ததில்ல.”

அவன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “அது ஃபிட்டருங்க பேசற பேச்சு. நீ ஜாயின்ட்டை முறுக்கிட்டு கேஜ் ஏறிப் போயிடுவ. லைன் கடைசில மெஷின் புடிச்சினு நிக்கறவன் கிட்ட கேட்டியா? எல்லாரும் ஒண்ணா தொறந்தாங்கன்னா அவன் மெஷின் வெறும் இருமல்தான் இருமும். அங்க நின்னவன் நான்.”

பதினைந்து வருஷத்தில் ஒருவனும் என்னிடம் அதைச் சொன்னதில்லை. சொன்னவன் வாயிலேயே குத்தினேன். உதடு கிழிந்து பல்லில் மாட்டியது. அவன் சுவரில் போய் விழுந்தான். அதோடும் என் வெறி அடங்கவில்லை. டேங்க்கைக் கீழே போட்டு, சம்மட்டியால் ஓங்கி ஓங்கி அடித்தேன். ஒரு வாரத்து வேலை தட்டு மாதிரி ஆகும்வரை நிறுத்தவில்லை. அவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த தங்கச்சி முந்தானையை நனைத்து அவன் வாயைத் துடைத்தாள். “எதுக்குண்ணா இப்பிடி அடிச்ச?” என்றாள்.

“தனி டேங்க் வேணுமாம் தொரைக்கு” என்றேன்.

அடுத்த ஞாயிறு டாக்டர் வண்டியைப் பார்க்க வருகிறார். இன்னொரு டேங்க் செய்ய நேரமில்லை. மச்சான் ரத்தத்தைத் துப்பிவிட்டு, “சரி, உன் இஷ்டம்” என்றான். நான் டீ ஜாயின்ட் போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பேத்தமங்களா ரோட்டில் நேராகப் போகும் ஒரு துண்டு உண்டு. அந்த ஞாயிறு காலையில் வண்டியை அங்கே கொண்டுபோனோம். டாக்டர் அந்தக் கோடியில் ஸ்டாப்வாட்சோடு நின்றார். மச்சான் ஓட்டினான், நான் பக்கத்தில். உதட்டு வீக்கம் இன்னும் வடியாததால் அவன் பேச்சு குழறியது. “சத்தம் மாறுச்சின்னா ஒடனே மூடிடு, யோசிக்காத” என்றான்.

வேகம் பிடித்ததும் வால்வைத் திறந்தேன். முதுகில் யாரோ உதைத்த மாதிரி வண்டி பாய்ந்தது. என் பின்மண்டை சீட்டில் மோதியது. மரங்கள் பின்னால் பறந்தன. “பாத்தியாடா! பாத்தியா!” என்று கத்தினேன். அந்த நேரம் எனக்குப் பந்தயமும் இல்லை, ஒர்க்‌ஷாப்பும் இல்லை, அவன் இருமலும் இல்லை. நான் சொன்னது சரி, அவ்வளவுதான் இருந்தது.

அப்புறம் சத்தம் மாறியது. தொண்டை வறண்டவன் குரல் போல என்ஜின் மெலிந்து கீச்சிட்டது.

“மூடு மச்சான்!”

எனக்கு நன்றாகக் கேட்டது. காது கேட்கவில்லை, கை வழுக்கியது என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். கேட்டது. மூடினால் அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதனால் மூடவில்லை.

“மூடுறா!”

பிஸ்டன் உடைந்து என்ஜின் வெடித்தது. பானெட் பிய்த்துக்கொண்டு கண்ணாடியில் அறைந்து தலைக்கு மேல் போனது. நான் போட்ட ஜாயின்ட் முறிந்து, பெட்ரோல் காய்ந்த இரும்பில் பீய்ச்சியடித்து, நெருப்பு என் கால் பக்கமாக உள்ளே வந்தது. சிலிண்டர் திறந்தே இருந்தது. அதிலிருந்து வந்த வாயு அந்த நெருப்பை ஊதி ஊதி வெள்ளையாக்கியது. நான் கால்களைத் தூக்கிக்கொண்டு கதவோடு ஒண்டினேன். மச்சான் வலது கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இடது கையை என் மடிக்குக் குறுக்கே நெருப்புக்குள் விட்டு, வால்வைத் தேடிப் பிடித்து மூடினான். ஒரு சுற்று அல்ல, முழுசாக மூட நாலு சுற்று வேண்டும். நாலையும் சுற்றினான். அந்த வால்வை அப்படி வைத்தவனும் நான்தான். அவன் போட்ட அலறல் ஏரியின் அக்கரை வரை கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். வண்டி கேழ்வரகு வயலில் இறங்கி நின்றது. எனக்கு முழங்காலில் கொப்புளம். அவனுக்கு இடது கை விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போயின.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் டாக்டர் வேறொரு காரில் வந்தார். எரிந்த என்ஜினைப் பிரித்துப் பார்த்திருந்தார். “மெயின் லைன்லயே டீ போட்டது யாரு?” என்று கேட்டார்.

சுரங்கத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட வேலை செய்பவன் தப்பால் அடிபட்டாலும், விசாரணைக்கு வரும் ஆபீசரிடம் அவன் பேரைச் சொல்ல மாட்டோம். சாகக் கிடப்பவன்கூட “கல்லு வந்துச்சு” என்றுதான் சொல்வான். சொன்னால் இன்னொரு வீட்டிலும் அடுப்பு அணையும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மச்சான் படுத்தபடியே சொன்னான். “நான்தான் சார். தனி டேங்க் வெக்கணும்னு மச்சான் தலதலயா அடிச்சிகிச்சு. நான் கேக்கல.”

டாக்டர் அவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே! அப்ப ஒர்க்‌ஷாப்புக்கு நீங்க வாங்க. இவர் கை இனிமே ஸ்பேனர் பிடிக்காது, பாவம்.”

என் தங்கச்சி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். என் முகத்தையே பார்த்தாள். மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஒரு வார்த்தை போதும். என் வேலைக்கு ஆபத்தில்லை, அந்த டாக்டர் ஒன்றும் சுரங்கத்து ஆபீசர் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒற்றைக் கையனுக்கும் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருப்பார். அவனுக்குத் தேவை கை இல்லை, மேலே இருக்கும் காற்று.

“வர்றேன் சார்” என்றேன்.

சொம்பு பறந்து வந்து என் நெற்றியில் பட்டது. தண்ணீரும் ரத்தமும் கண்ணில் இறங்கின. அவள் அடுத்ததாகக் கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தாள். நான் படி இறங்கும்வரை எறிந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

பெங்களூரில் நான் செய்த முதல் வேலை, புது என்ஜினுக்குத் தனி டேங்க், தனி பம்ப், தனி பைப். வண்டி பிரமாதமாக ஓடியது. மச்சானைக் கை குணமானதும் இன்னொரு மெஷின்காரனிடம் துளைக்குத் தண்ணீர் பிடிக்கும் எடுபிடியாக மறுபடி கீழே இறக்கினார்கள். ஒற்றைக் கையோடு, அதே தூளில், அவன் இன்னும் ஆறு வருஷம் இறங்கினான்.

தங்கச்சி சொம்பை எறிந்த அன்றைக்கு டாக்டர் தன் கைக்குட்டையை என் நெற்றியில் அழுத்திக் கட்டிவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டார்: “அந்தம்மாவுக்கு உங்க மேல ஏன் இவ்வளவு கோபம்?”

“புருஷன் கை போன துக்கம் சார்” என்றேன். “கொஞ்ச நாள்ல சரியாயிடும்.”