ஆமென் சொன்னவர்

வெளிநாட்டிலிருந்து வந்திருந்த சபைக் குழுவுக்கு அந்த வாரம் நான்தான் மொழிபெயர்ப்பாளன். இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஆலயம் அன்றைக்கு நான்காவது. வரிசையாக வந்து தங்கள் குறைகளைச் சொன்னவர்களில் ஒருவருடைய துக்கமும் எனக்குள் இறங்கவில்லை. வாய் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

வரிசையில் வந்த ஒரு அம்மா பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். சேலையில் ஒட்டியிருந்த பஞ்சைக் கிள்ளிக் கிள்ளி விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே இருந்தார்.

"மகன் ஆஸ்பத்திரியில கெடந்தான். போன மாசம் தவறிட்டான்" என்றார்.

நான் முதல் பாதியை மட்டும் குழுவின் போதகரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் அந்த அம்மாவின் தலையில் கைவைத்து ஜெபித்தார். நானும் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்: "ஆண்டவரே, இவருடைய மகனைக் குணமாக்கும்." சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

அந்த அம்மா சத்தமாக ஆமென் சொன்னார்.

வேன் கிளம்புவதற்குள் அவரைத் தேடிப் போனேன். "அக்கா, தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

"தெரியும் தம்பி. இருக்கட்டும்." விரல்கள் பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தன. "ஜெபம் முடியிற வரைக்கும் அவன் உசுரோட கெடந்தான்."

அடுத்துப் போன ஸ்ரீவில்லிபுத்தூர் ஆலயத்தில் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அங்கே யாரும் அவரைப் போல ஆமென் சொல்லவில்லை.