டயரைத் தட்டிய ஏகாம்பரம் அண்ணன்

செய்தி வந்தபோது நான் ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் அண்ணனின் மகள் பேசினாள். “அப்பா காலையில எழுந்திருக்கலக்கா. தூக்கத்துலயே போயிட்டாரு.” யார் யாரையோ பிழைக்க வைக்க ஓடிய மனிதர், தனக்காக ஒரு வண்டியைக் கூப்பிடக்கூட நேரம் தராமல் போய்விட்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

அவர் வண்டியில் பிழைத்தவர்கள் ஆரணியில் நிறைய பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு அவர் வேகமாக ஓட்டும் டிரைவர். அவருடன் ஒன்பது வருடம் போன மருத்துவ உதவியாளரான எனக்கு, ஸ்பேனரால் டயரைத் தட்டுகிறவர். அந்தத் தட்டலைப் பற்றி எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த இரண்டாவது வருடம், ஒரு காலையில் தறிக்காரர் ஒருவர் தறியிலேயே சாய்ந்துவிட்டதாக அழைப்பு வந்தது. அந்தத் தெருவில் நுழைந்தால், தெரு நீளத்துக்கு இடுப்புயரத்தில் பட்டுப் பாவு, அதாவது தறியில் ஏற்றவேண்டிய நீள நூல்கள், நீட்டியிருந்தார்கள். அண்ணன் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். பாவின்மேல் கால்கூடப் படக்கூடாது என்று வளர்ந்த உடம்பு. கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. “பாவு போனா போவுதுங்க, ஓட்டுங்க!” என்று ஆட்கள் கத்தினார்கள். பாவை அறுத்து வழிவிட ஒருவர் கத்தரிக்கோலுடன் ஓடிவந்தார். அதற்குள் அண்ணன் பின்னால் எடுத்து, நாலு தெரு சுற்றி மறுபக்கமாகப் போய்விட்டார். போய்ப் பார்த்தபோது தறிக்காரருக்கு நாடித் துடிப்பு இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பயனில்லை.

அன்று மாலை நான் அந்தப் பேச்சை எடுத்தேன். “அத வுடுங்க சிஸ்டர்” என்று இறங்கிப் போய் நான்கு டயர்களையும் தட்டிப் பார்த்தார். அதன் பிறகு எப்போது அந்த நாளின் பேச்சு வந்தாலும் டயர்தான். நாங்கள் சும்மா டீ குடித்துக்கொண்டிருக்கும்போதும் சில நேரம் திடீரென்று எழுந்து போவார். நினைவு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை அவரே சொன்னார்: “நெனப்பு வர்றத தடுக்க முடியாது சிஸ்டர். வந்துகினு இருக்கும்போதே திருப்பி அனுப்பிடணும். உள்ள வந்து குந்திக்கினா பேஜாரு.”

நாளாக ஆகத் தட்டுவது குறைந்தது. ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. வேண்டாத நினைவு தலைதூக்கும்போது மூளையின் முன்பகுதி, நினைவை எடுத்துக்கொடுக்கும் பகுதியை அடக்கிவைக்க முடியும்; திரும்பத் திரும்ப அடக்கினால் அந்த நினைவு மங்கலாம்; சில சமயம் அதற்கு அக்கம்பக்கத்தில் இருந்தவையும் சேர்ந்து மங்கலாம் என்று டாக்டர் விளக்கினார். அண்ணனிடம் வந்து சொன்னேன். “மூளைக்கும் ஹேண்ட் பிரேக் வெச்சிகிறாங்களா? பரவால்லயே!” என்று சிரித்தார். அக்கம்பக்கம் பற்றிச் சொன்னதை அவரும் கவனிக்கவில்லை, நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் மதியம் பிரசவ வலி வந்த பெண்ணை ஏற்றிவர அதே பக்கம் போனோம். அந்தத் தெருமுனையில் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டார். “லெஃப்ட்டா ரைட்டா சிஸ்டர்?” என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். இரண்டு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவர் கேட்கிற கேள்வியா அது? முகத்தைப் பார்த்தேன்; கிண்டல் இல்லை. “லெஃப்ட்டுண்ணா, ஜல்தி!” என்று கத்தினேன்.

பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அண்ணன் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே இல்லை.

“எங்க பெரியம்மா வூடு அந்தத் தெருவுலதான் சிஸ்டர். தெருவே காணாம போச்சி எனக்கு. ஒண்ண தள்ளுனா பக்கத்துல இருக்கறதும் கூடவே போவுது. வண்டி ஓட்டறவனுக்கு வழி போனா இன்னா மிச்சம்?” என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “அன்னிக்கு இன்னா நடந்துச்சி? பிரேக்கு போட்டதுக்கு அப்புறம் எனக்கு எதுவுமே தெரியல. என்னாலதான் போனாருன்னு மட்டும் தெரியுது.”

அன்று அவர் வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தபோது, தறிக்காரர் வீட்டுக்குள் நான் கேட்டதைச் சொன்னேன். வெளியே போயிருந்த மனைவி திரும்பி வந்து பார்த்தபோதே உடம்பு சில்லிட்டிருந்ததாம். அதன் பிறகுதான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உயிர் எப்போதோ போய்விட்டது என்று டாக்டரும் சொன்னார். அண்ணன் பாவின்மேலேயே ஓட்டியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

“இத அன்னிக்கே சொல்லிருக்கலாம் இல்ல?”

“எங்கண்ணா சொல்ல வுட்டீங்க? டயர தட்டப் போயிட்டீங்களே.”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். மூன்று வருடம் அவர் தள்ளிக்கொண்டே இருந்த அந்த நாளுக்குள்தான் அவரை விடுவிக்கும் வார்த்தையும் இருந்தது. மறுநாள் ஓய்வு நேரத்தில் அந்தத் தெருவுக்கு நடந்தே போய்ப் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். நினைவை அடக்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. அப்படித் தள்ளிவைத்ததால்தான் அந்தச் சாவுக்கு மறுநாளே அவரால் வண்டி எடுக்க முடிந்தது. அப்படிப் பிழைத்தவர்கள் இதைப் படிக்கிறவர்களிலேயே இருப்பீர்கள். தள்ளுவதற்கு முன், நடந்ததை ஒருமுறை முழுதாகக் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

அவருடைய கடைசிப் பயணம் அந்தத் தெரு வழியாகத்தான் போனது. அன்று அங்கே யாரும் பாவு நீட்டவில்லை. முனையிலிருந்து முனைவரை தெரு காலியாக இருந்தது; ஆட்கள் வாசலில் நின்றார்கள்.

அவருடைய ஸ்பேனரை மகள் என்னிடம் கொடுத்திருக்கிறாள். நேற்று வண்டியில் டிரைவர் சீட்டைப் பார்த்ததும் அவர் நினைவு வந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். டயர் பக்கத்தில் போய் நின்றேன். தட்டவில்லை. வரட்டும் என்று அங்கேயே உட்கார்ந்தேன்.