யெஸ் என்று அமுக்கச் சொன்னவர்

மவுஸைத் தொடுமுன் அதைக் கைக்குட்டையால் துடைப்பார். தொட்ட பிறகும் துடைப்பார்.

பதுளையில், வெளிநாட்டு வேலைக்குப் பெண்களை அனுப்பும் அலுவலகமொன்றில் நான் கிளார்க்காக இருந்தேன். விண்ணப்பங்களை இணையத்தில் நிரப்பத் தொடங்கிய காலம். கடவுச்சீட்டு இலக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு முகவரி எல்லாம் போகும் வழியில் யாரும் படித்துவிடாதபடி சர்வரைப் பாதுகாக்க வந்தவர் அவர். கசங்காத வெள்ளைச் சட்டை, தூக்கலான சென்ட் வாசனை. அரை மணியில் வேலையை முடித்துவிட்டார். ஆனால் பக்கத்தைத் திறந்தால், இந்தத் தளத்தின் சான்றிதழை நம்ப முடியாது என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை வந்தது.

"இது ஏங்க வருது?"

"சான்றிதழ நானே செஞ்சு நானே ஒப்பம் வச்சிட்டேன். அதுக்குன்னு இருக்கிற கம்பெனில வாங்குனா அலைச்சல். யெஸ்னு அமுக்குனா போயிரும்."

"நடுவுல எவனாவது பூந்து நம்ம தளம் மாதிரி காட்டுனாலும் இதேதானங்க வரும்?"

"வரட்டுமே, அதையும் அமுக்கட்டும். இதுங்க வாசிச்சா பாக்கப் போகுது? தோட்டத்துல காலைப் பெரட்டுல பேரு கூப்புட்டா வேலைக்கு வந்து நிக்கிற சனம்."

சொல்லிவிட்டு மவுஸைத் துடைத்தார். 'இதுங்க' என்ற அந்த வாயில் வந்ததும் எங்கள் தோட்டத்துப் பேச்சுதான்; அவரும் அங்கிருந்து வந்தவர்தான். ஆனாலும் அவர் சொன்னபடியே, 'யெஸ் என்று அமுக்கவும்' எனக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

மறுநாள் மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண், அந்த எச்சரிக்கையை விரல் வைத்து வரிவரியாக வாசித்தாள்.

"நம்பாதீங்கன்னு போட்டிருக்கே, அண்ணே?"

நான் சுவரைக் காட்டினேன். அவள் அமுக்கினாள்.

அவர் முகம் மறந்துவிட்டது. அந்தக் கைக்குட்டை மறக்கவில்லை. சுவரில் இருந்த கையெழுத்து என்னுடையது.