பானை ஓடும் அடையாள அட்டையும்

ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் சாமியார் வராத ஞாயிறுகளில் நான்தான் வேதம் வாசிக்கிறேன். வாசிக்கத் தெரியும். யாராவது விளக்கம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கொட்டாஞ்சேனையில் ஒரு பாதர் இருக்கிறார், எருசலேமில் படித்துவிட்டு வந்தவர், மண்ணைத் தோண்டி எடுத்த பழைய சாமான்களின் படத்தைக் காட்டி வேதத்தில் உள்ள வழக்கங்களைச் சொல்கிறார் என்று நம் சாமியார் சொன்னார். போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆட்களுக்குச் சொல்லு என்றார். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன்.

தங்கினது என் அக்கா மகன் செல்வத்தின் அறையில். காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையில் ஓர் ஒழுங்கை. சாப்பாட்டுக் கடையில் தோசை போடுகிறான். ஓர் அறையில் நாலு பேர். எனக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு அவன் கீழே படுத்தான். சண்டைக் காலம் என்பதால் கொழும்பில் தங்கும் வெளியூர்த் தமிழர் பொலிசில் பதிய வேண்டும். வந்த அன்றே கூட்டிப்போய்ப் பதிந்தான்.

"மாமா, கார்டு இருக்கா?"

"இருக்கு."

"எடுத்துக் காட்டுங்க."

காட்டினேன்.

"இத சட்டப் பையில வைக்காதீங்க. உள்ளுக்க வைங்க. கார்டு இல்லன்னா மாமாவாச்சும் மச்சானாச்சும், ஆமிக்காரன் அள்ளிட்டுப் போயிருவான்."

அந்த அட்டை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று உங்களுக்குத் தெரியும். பிறந்த பத்திரம் இல்லை. தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் என் பெயர் இருந்தது, அரசாங்கத்திடம் இல்லை. நுவரெலியாவுக்கும் தோட்டத்துக்கும் அலைந்து, நாற்பத்தாறு வயதில்தான் கையில் வந்தது. தொலைந்தால் திரும்ப அலைய எனக்குத் தெம்பு இல்லை.

பஸ் 155. கொட்டாஞ்சேனைக்கு ஏழு ரூபாய். ஆறு மைல் இருக்கும். பம்பலப்பிட்டியில் ஒரு தடவை, மருதானையில் ஒரு தடவை, எல்லோரும் இறங்கி ஆமிக்காரரிடம் அட்டையைக் காட்டிவிட்டு நடந்து போய்த் திரும்ப ஏறினோம். நான் உள்ளே கைவிட்டுத் தேடியதில் பின்னால் வரிசை நின்றது. கொண்டக்டர் சிரித்தார்.

"அண்ணே, அத வெளிய வைங்க. நீங்க எடுத்து முடிக்கிறதுக்குள்ள இந்த பஸ் மட்டக்குளி போய் திரும்பி வந்துடும்."

சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பூசை முடிந்து ஒன்பதரைக்கு எல்லோரும் கோயில் மண்டபத்துக்குப் போனோம். வாசலில் காவலாளி, பியசேன என்று பெயர், என் வயதுதான் இருக்கும். குண்டுப் பயத்தால் அங்கே ஒரு நடைமுறை. உள்ளே போகிறவர் அட்டையைக் கொடுத்து எண் போட்ட ஒரு தகர வில்லை வாங்க வேண்டும். வெளியே வரும்போது வில்லையைக் கொடுத்து அட்டையை வாங்க வேண்டும். கொடுக்கக் கை வரவில்லை. அவர் கையை நீட்டியபடியே இருந்தார். கொடுத்தேன்.

இனி, பார்த்தவை.

முதல் படம் விளக்கு. பத்துக் கன்னியர் கதையில் வருகிற காலத்து விளக்கு. களிமண்ணில் செய்தது, உள்ளங்கை அளவு. அதற்குள் எவ்வளவு எண்ணெய் பிடிக்கும்? கொஞ்ச நேரத்துக்குத்தான் காணும். தனியாக ஒரு குப்பியில் எண்ணெய் வைத்திருக்காவிட்டால் அணைந்துபோகும். எண்ணெய் கொண்டுபோகாத அந்த ஐந்து பெண்களும் மோசமானவர்கள் என்றே நான் நினைத்திருந்தேன். விளக்கின் அளவைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. யாருக்கும் நடக்கக்கூடியது.

அடுத்தது கூரை. திமிர்வாதக்காரனை இயேசுவின் முன்னால் கூரையைப் பிரித்து இறக்கினார்கள் என்று வாசிக்கும்போது, நம் லயத்து வீட்டுத் தகரத்தைக் கழற்றுகிற மாதிரி நினைத்துக்கொள்வேன். அப்படி இல்லை. தோண்டின வீடுகளில் சுவர் கருங்கல். மேலே மரம், அதன் மேல் கிளை, அதற்கும் மேல் மண்ணைப் பூசித் தட்டையாக்கின கூரை என்று பாதர் சொன்னார். மழை பெய்தால் ஒரு கல் உருளையை மேலே உருட்டி இறுக்குவார்களாம். அந்த உருளைக் கற்களும் கிடைத்திருக்கின்றன. அவனைத் தூக்கிவந்த நாலு பேர் அந்த மண்ணைத் தோண்டியிருக்கிறார்கள். கீழே இருந்தவர்கள் தலையில் எல்லாம் மண் விழுந்திருக்கும். இனி அந்தப் பகுதியை வாசிக்கும்போது இதையும் சொல்வேன்.

மூன்றாவது படம் ஒரு பானை ஓடு. கறுப்பு மையால் எழுதியிருந்தது. கடலோரத்தில் ஒரு சின்னக் கோட்டை, அதன் வாசல் காவலறையில் கிடைத்ததாம். ஏறக்குறைய இரண்டாயிரத்து அறுநூறு வருஷப் பழசு. எழுதுவித்தவன் அறுவடைக் கூலியாள். அவன் அதிகாரிக்குச் சொல்வது இது: நான் என் அளவை அறுத்து முடித்தேன். வேலை முடித்த பிறகும் என் மேலாடையைப் பறித்துக்கொண்டார்கள். என்னோடு அறுத்தவர்கள் சாட்சி சொல்வார்கள். ஆடையை வாங்கித் தாருங்கள்.

மோசேயின் சட்டத்தில் இருக்கிறது. ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும், அவன் அதைத்தான் போர்த்திப் படுப்பான் என்று. அது வெறும் எழுத்து இல்லை, ஆடையைப் பிடித்து வைக்கிற வழக்கம் நிசமாகவே இருந்திருக்கிறது என்றார் பாதர்.

மண்டபத்தில் தேத்தண்ணி கொடுக்கிற பிலோமினா அக்கா பின்னால் இருந்து கேட்டார்.

"பாதர், அவனுக்கு உடுப்பு கிடைச்சிச்சா?"

"தெரியாது. பதில் எழுதின ஓடு கிடைக்கேல்ல."

கூட்டம் பன்னிரண்டுக்குக் கலைந்தது. மேசையில் அந்த விளக்கு மாதிரியே செய்த ஒன்று இருந்தது. கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். நான் செய்த தவறு அதுதான். ஒரு மணிக்கு வாசலுக்கு வந்தால் வேறு காவலாளி நிற்கிறார். வில்லையைக் கொடுத்தேன். பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். வெறும் பெட்டி. பியசேன வேலை முடிந்து, களனிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஹெந்தளைக்குப் போய்விட்டார்.

வாசலைத் தாண்டினால் சந்தியில் ஆமி. அடுத்த நாள் காலை ரயில்.

பாதர் கடைக்குப் போன் செய்து செல்வத்திடம் சொன்னார். அவன் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது. "வெளிய விடாதீங்க பாதர்! அவருக்கு ஒண்ணும் தெரியாது!"

பிலோமினா அக்கா சோறு கொண்டுவந்து வைத்தார்.

"சாப்பிடுங்க அண்ணே. கார்டு எங்கயும் போகாது." பிறகு பாதரிடம் திரும்பினார். "இருட்டுறதுக்கு முந்தி திருப்பிக் குடுக்கணும்னு எங்களுக்கெல்லாம் படம் காட்டினீங்க. கேட்ல நிண்ட மனுஷனுக்கு காட்டினீங்களா?"

"அவர் சிங்களம் பிலோமினா. நான் கதைச்சது தமிழ்ல."

"அப்ப போய் சிங்களத்தில சொல்லிட்டு வாங்க. மோட்டபைக் சும்மாதானே நிக்குது."

பாதர் மூன்றரைக்குப் போனார். தனியாக. என்னைக் கூட்டிப்போக முடியாது, களனிப் பாலத்தில் பெரிய சோதனை. நான் மண்டபத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தரைக்குத் திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"வீட்டைக் கண்டுபிடிச்சன். மனுசி சட்டை தோய்க்க எடுத்தவவாம், பொக்கட்டில மறந்துபோய் வச்ச உங்கட கார்ட். உடனே அவர் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிட்டார். மூண்டு மணிக்கே."

"மூணு மணிக்கா சாமி?"

"ஓம்."

ஹெந்தளையில் இருந்து பஸ் ஒரு மணி நேரம்கூட எடுக்காது. பிலோமினா அக்கா வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

மண்டபத்து விளக்கைப் போடுகிற நேரத்தில் பியசேன வந்தார். தோய்க்கப் போட்ட ஈரம் இன்னும் முழுக்கக் காயாத சட்டை, உள்ளே பனியன் இல்லை. அறைக்குள் வந்ததும் முதலில் கையை நீட்டினார்.

"டோக்கன்?"

கொடுத்தேன். எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அட்டையை எடுத்தார். பிறகு வாங்கில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"பாலத்துல ஆமி பிடிச்சது, மாத்தயா. என்ட பொக்கட்டுல ரெண்டு கார்ட். ஒண்ணு தெமள கார்ட், தமிழ் ஆளுட கார்ட். எங்க எடுத்த, யாருக்கு கொண்டு போறன்னு கேட்டது. நான் சொல்றது நம்ப இல்ல."

மீதியை அவர் சிங்களத்தில் சொல்ல, பாதர் தமிழில் சொன்னார். அட்டையை வைத்துவிட்டுப் போ, சொந்தக்காரன் வந்து வாங்கட்டும் என்றார்களாம். அவன் அட்டை இல்லாமல் இங்கே எப்படி வருவான் என்று இவர் கேட்டிருக்கிறார். வாயை மூடு என்றார்களாம். மூடிக்கொண்டு, அட்டை இல்லாமல் போகமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பெரிய அதிகாரி ஒருவர் வந்து பார்த்துக் கொடுத்து அனுப்பும்வரை எழவில்லை.

"பயமா இருக்கலியா?" என்று கேட்டேன்.

"பயம்தான். இனி என்ன செய்ற? எடுத்தது நான்தானே."

தேத்தண்ணி வேண்டாம் என்றார். வீட்டில் தேடுவார்கள், பஸ் போய்விடும் என்று எழுந்தார். நான் கையைப் பிடித்தேன். சொல்லச் சிங்களம் வரவில்லை. "ஹரி, ஹரி" என்று, சரி சரி என்பது போல, கையை உருவிக்கொண்டு போனார்.

வெள்ளவத்தை போகும் வழியில் பம்பலப்பிட்டியில் ஒரு சோல்ஜர் டோர்ச் அடித்து அட்டையைப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான். சந்தியில் செல்வம் ஏப்ரனோடு நின்றான். ஒன்றும் திட்டவில்லை. திங்கள் காலை ரயில் ஏற்றிவிட்டான்.

நம் ஊரில் ஒருவரை ஒருவர் அட்டை பார்க்காமல் அறிவோம். கொழும்பில் என்னை யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் இவ்வளவு பேர் எனக்காக ஒரு நாளை விட்டுக்கொடுத்தார்கள். கர்த்தருக்கு நன்றி.

வருகிற ஞாயிறு மன்றாட்டில், நோயாளிகளின் பெயரும் தூரத்தில் இருக்கிற பிள்ளைகளின் பெயரும் வாசித்த பிறகு, ஹெந்தளை பியசேன, அவர் மனைவி, பிள்ளைகள் என்று வாசிப்பேன். யார் அது என்று அப்போது பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இதில் எழுதிவிட்டேன். எல்லோரும் சத்தமாகப் பதில் சொல்லுங்கள்.