பூஜை எடுத்த அன்று போன வைஃபை

அன்று காலை பூஜை எடுக்கும்போது வீட்டில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், தங்கை இருந்தாள், நான் இருந்தேன். மாமா மகன் இல்லை. அவன் துபாயில் இருந்தான். எங்கள் சொந்தத்தில் கணினியின் உள்விவகாரம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வீட்டில் இருந்த ஒரே மடிக்கணினியை யாரிடமோ பேசி இரண்டாம் கையாக வாங்கி, வேண்டியதையெல்லாம் அதில் ஏற்றி, தங்கையின் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறியவனும் அவன்தான்.

அவனுக்கு அடுத்தபடி நான் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. எனக்குக் கணினியில் தெரிந்தது கொட்டாரத்தில் ஓர் உரக்கடையில் பில் போடுவது. கல்லூரியில் படித்தது வரலாறு. ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். மாத்திரை அட்டை, கரண்ட் பில், கல்யாணக் கடிதாசி, எதுவானாலும் என்னிடம்தான் வரும். எழுத்து உள்ள எந்தப் பொருளும் எனக்குக் கட்டுப்படும் என்பது அப்பாவின் எண்ணம். அதைத் திருத்த எனக்கு மனம் வந்ததில்லை.

அப்பா வாழைச்சந்தையில் குலை சுமக்கிறவர். படிப்பின் மேல் அவருக்கு இருப்பது மரியாதை மட்டுமல்ல, ஒருவகைப் பயம். அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களைப் பூஜை வைத்தால் தசமி காலையில் எடுக்கும்வரை ஒருவரும் தொடக்கூடாது. எடுத்தவுடன் விளக்கின் முன்னால் உட்கார்ந்து கொஞ்சமாவது படிக்க வேண்டும். நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது ஆரம்பித்த இந்த வழக்கத்தை அவர் ஒரு வருடமும் விட்டதில்லை. அந்த வருடம் தங்கையின் நர்சிங் புத்தகங்களோடு மடிக்கணினியையும் சேர்த்து வைத்தார்.

“அதும் படிப்புச் சாமானந்தான மக்கா,” என்றார்.

“வேண்டாம்பா. தசமி அன்னைக்குத்தான் அவளுக்குப் பரீட்ச.”

“பரீட்ச பதினோரு மணிக்குல்லா. நாம ஏழு மணிக்கே எடுத்துருவோம். எடுத்த கையோட எழுதுனா அதவிட நல்லது உண்டுமா?”

பரீட்சை ஷார்ஜாவில் உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு. நம் ஊருக்குத்தான் விஜயதசமி, அவர்களுக்கு அது வேலைநாள். வீட்டிலிருந்தே கணினியில் எழுத வேண்டும். செல்போனில் அது திறக்காது. எழுதும்போது கேமரா வழியாக ஓர் ஆள் கடைசிவரை பார்த்துக்கொண்டிருப்பார். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, செல்போன் இருக்கக் கூடாது. தங்கை நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரவுப்பணி பார்த்துக்கொண்டே ஆறு மாதமாக இதற்குப் படித்தாள். ஏஜெண்டுக்குக் கட்ட அவளுடைய செயினை அடகு வைத்திருந்தோம்.

ஏழு மணிக்குச் சூடம் காட்டினோம். அவல், பொரி, சுண்டல், பழம் எல்லாம் இலையில் இருந்தன. கணினியின் மூடியில் அம்மா வைத்திருந்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. தங்கை அதைத் துடைக்காமலே திறந்து, அப்பா சொன்னபடி விளக்கின் முன்னால் வைத்து உயிர்ப்பித்தாள். திரை விழித்ததும் நீலமாகிவிட்டது. சேர்ந்துகிடக்கும் அப்டேட்டை ஏற்றிக்கொள்கிறேன், அணைக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. சதவீதம் மெதுவாக ஏறியது. நேரம் நிறைய இருக்கிறது என்று நான் கிணற்றடிக்குக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது சரஸ்வதி படத்தைச் சுற்றிச் சீரியல் பல்பு பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா இரண்டடி தள்ளி நின்று அதை ரசித்தார். கணினி இருட்டாக இருந்தது.

முன்னறையில் பிளக் செருக இருப்பது ஒரே இடம். கணினியின் வயரை எடுத்துவிட்டுச் சீரியல் பல்பைச் செருகியிருக்கிறார். பேட்டரி பழையது, வயரை எடுத்தால் ஐந்து நிமிடம் தாங்காது. ஏற்றிக்கொண்டிருந்த நடுவிலேயே கணினி நின்றுபோயிருந்தது.

நான் வயரை மாற்றிச் செருகினேன். “வெளக்கு அணஞ்சு போச்சே மக்கா,” என்றார். “கொஞ்ச நேரத்துல போடலாம்பா,” என்றேன்.

கணினி தன்னைத்தானே இரண்டு முறை அணைத்துத் திறந்து, ஒருவழியாக எழுந்தது. எல்லாம் இருந்தது, மூலையில் வைஃபை அடையாளம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஒரு சின்ன உருண்டை, அதன்மேல் தடுப்புக் குறி. ரவுட்டர் உள்ளறை அலமாரியின் மேல் பச்சை விளக்கோடு ஒழுங்காகத்தான் இருந்தது. அதிலிருந்து நேராக வயர் இழுக்கலாம் என்றால், இந்த மெலிந்த கணினியில் அந்த வயரைச் செருக ஓட்டையே கிடையாது.

உள்ளிருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்தேன். நெட்வொர்க் அடாப்டர் என்ற வரியில் ஒரு மஞ்சள் முக்கோணம். கருவி இருக்கிறது, டிரைவர் சிதைந்திருக்கிறது. டிரைவர் என்றால் என்ன என்று அப்பாவுக்குப் பின்னொரு நாள் இப்படிச் சொன்னேன்: சந்தையில் விவசாயிக்கும் மலையாளத்து வியாபாரிக்கும் நடுவில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற தரகர் இருக்கிறாரே, அவர் மாதிரி. குலையும் இருக்கிறது, பணமும் இருக்கிறது, தரகர் இல்லாவிட்டால் வியாபாரம் நடக்காது. அப்பா தலையாட்டினார். ஆனால் அன்று காலை இதைச் சொல்லும் நிதானம் எனக்கு இல்லை.

பழைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தான் மங்கிக் கிடந்தது, அமுங்கவில்லை. நீக்கிவிட்டு மறுபடி திறந்தால் தானாகவே சேர்ந்துகொள்ளும் என்று செல்போனில் யாரோ சொன்னதைப் பார்த்து அதையும் செய்தேன். சேரவில்லை. புதிய டிரைவரை இறக்க இணையம் வேண்டும்; இணையம் வர டிரைவர் வேண்டும். செல்போனின் இணையத்தை வயர் வழியாகக் கணினிக்குக் கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். எங்களிடம் இருந்த வயர் பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. சார்ஜ் மட்டும் ஏறும், வேறெதுவும் போகாது. மாமா மகனுக்கு மூன்று முறை அடித்தேன். வேலை நேரத்தில் அவன் போன் லாக்கரில் இருக்கும்.

தங்கை அதற்குள் குளித்து, நேர்காணலுக்கென்று தைத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு கதவருகே நின்றாள்.

“சரியாயிருமா அண்ணா?”

“ஆயிரும். நீ படி.”

“இனி என்னத்த படிக்க. ஒனக்கு வேர்க்குது, பாரு.”

அடுத்த வீட்டில் ஒரு கணினி உண்டு, ஆனால் அதன் கேமரா செத்துப்போய் வருடக்கணக்காகிறது. நான் பைக்கை எடுத்துக்கொண்டு கொட்டாரத்துக்குப் போனேன். செல்போன் கடை திறந்திருந்தது. உள்ளே ஊதுபத்தி புகைந்தது. கடைக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்க்ரூடிரைவர், சால்டரிங் கம்பி, பில் புத்தகம் எல்லாம் மேசைமேல் சந்தனம் பூசிக்கொண்டு பூஜையில் இருந்தன. வயர்கள் அவர் தலைக்குப் பின்னால் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

“அண்ணாச்சி, ஒரு டேட்டா கேபிள் வேணும்.”

“பூஜ எடுக்கல்லியே மக்கா. ஐயரு பத்தரைக்கு மேலதான் நேரம்னு சொல்லியிருக்காரு. அதுக்கு முன்ன ஒரு சாமானம் கடைய விட்டு எறங்காது.”

தங்கையின் பரீட்சையைச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“லேப்டாப்ப பூஜையில வச்சிட்டியளா? கொள்ளாம், நல்ல காரியம். பரீட்சைய வச்சிக்கிட்டு எவனாவது வைப்பானாடே?”

“நீங்களும் கடையவே வச்சிருக்கியளே அண்ணாச்சி.”

அவர் சிரித்துவிட்டார். எழுந்து போய் ஒரு வயரை உருவி என் கையில் திணித்தார். நான் பணத்தை எடுத்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

“துட்டு நீட்டாத. வித்ததா ஆயிரும். ஒனக்கு நான் சும்மா தந்தேன், கேட்டியா. நாளைக்கு வந்து குடு. போ, போ.”

வீட்டுக்கு வந்தபோது பத்து மணி ஆகியிருந்தது. புது வயரில் செல்போனைச் செருகியதும் கணினிக்கு இணையம் வந்தது. தங்கை கண்ணை மூடித் திறந்தாள். அம்மா சரஸ்வதி படத்தைத் தொட்டுக் கும்பிட்டாள்.

இனி டிரைவர். கணினியையே தேடச் சொன்னேன். இருப்பதே சிறந்தது என்றது. கம்பெனியின் தளத்துக்குப் போனேன். எங்கள் மாடலுக்கு மூன்று வைஃபை டிரைவர்கள் கிடந்தன. ஒரே மாடலில் மூன்று கம்பெனிகளின் அடாப்டர்களை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். எங்கள் கணினியின் வயிற்றுக்குள் இருப்பது எது என்று வெளியே எழுதவில்லை. எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் ஒரு கோட்டுக்கும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஊசலாடும். முதல் டிரைவர் இறங்க இருபது நிமிடம். ஏற்றினேன். இந்தக் கருவிக்குப் பொருந்தாது என்றது. இரண்டாவதை இறக்கப் போட்டேன். பாதியில் பதினோரு மணி நெருங்கிவிட்டது.

“எழும்பு அண்ணா,” என்றாள் தங்கை. “போன் இணைப்புலயே எழுதிருகேன்.”

“அறையில போன் இருக்கப்புடாதுன்னு போட்டிருக்கு.”

“வேற வழி உண்டா? நீ சொல்லு.”

கணினியை முன்னறை மேசைமேல் தூக்கிவைத்து, செல்போனை மேசைக்குக் கீழே தரையில் வைக்கப் பார்த்தோம். வயர் எட்டவில்லை. தொங்கவிட்டால் கனத்தில் கழன்றது. கழன்றால் பரீட்சை போச்சு. அப்போது அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

“நான் பிடிச்சிக்கிடுகேன். மேசைக்கடியில இருந்துருவேன். ஒருத்தனுக்கும் தெரியாது.”

“ரெண்டு மணி நேரம்பா.”

“குலை வண்டிக்கு மேல நாலு மணி நேரம் குந்தியிருக்கேன். இது என்ன.”

தங்கை என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அப்பா அதற்குள் உள்ளே நுழைந்துவிட்டார். தோள் காய்த்த பெரிய உடம்பு. முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, செல்போனை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். “அப்பா, அனங்கப்புடாது, அப்படியே இருக்கணும்,” என்றாள் தங்கை. நானும் அம்மாவும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

உள்ளேயிருந்து ஓர் ஆணின் குரல் ஆங்கிலத்தில் கேட்டது. பெயர், பிறந்த தேதி, அடையாள அட்டை. தங்கை தெளிவாகப் பதில் சொன்னாள். அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “என்ன சொல்லுகான்? என்ன சொல்லுகான்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கணினியைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டு என்று அவன் சொன்னான். சுவர், கூரை, ஜன்னல். பிறகு, மேசைக்கு அடியில்.

நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. அவன் மறுபடி, அதே மரியாதையான குரலில், மேசைக்கு அடியில் என்றான்.

மேசைக்கு அடியில் காட்டாமல் அவள் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குரல், அறையில் இன்னொரு நபர் இருக்கிறார் என்றது. அதோடு நின்றது.

கதவைத் திறந்தோம். தங்கை திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அதில் தேர்வு ரத்து என்ற ஒரு வரி. அப்பா இன்னும் அடியிலேயே, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார்.

“முடிஞ்சா மக்ளே?”

அம்மா குனிந்து, “வெளிய வாங்க, அவன் கண்டுட்டான்,” என்றாள்.

“நான் அனங்கவே இல்லியே மக்ளே,” என்றார் அப்பா.

அவர் வெளியே வரும்போது தலை மேசையில் இடித்தது. தங்கைதான் கை கொடுத்துத் தூக்கினாள். “ஒண்ணுமில்லப்பா, அடுத்த தடவ எழுதலாம்,” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

என்னால் சும்மா உட்கார முடியவில்லை. பரீட்சை முடிந்துபோன பிறகும் அந்த டிரைவரையே நோண்டிக்கொண்டிருந்தேன். அடாப்டரின் பண்புகளில், விவரங்கள் என்ற பக்கத்தில், எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளம் இருப்பதை அப்போதுதான் கண்டேன். அதைத் தேடலில் போட்டதும் எந்தக் கம்பெனியின் அடாப்டர் என்று உடனே வந்தது. மூன்றாவது டிரைவர். அதை ஏற்றியதும் முக்கோணம் மறைந்தது. மூலையில் வைஃபை விசிறி விரிந்து, எங்கள் வீட்டு ரவுட்டரும் அடுத்த வீட்டு ரவுட்டரும் வரிசையாக வந்து நின்றன. அந்தப் பக்கத்தைக் காலையிலேயே திறந்திருக்கலாம். அது இருப்பதே எனக்குத் தெரியாது.

சாயங்காலம் மாமா மகன் கூப்பிட்டான். நடந்ததைக் கேட்டுவிட்டு, “சவத்துக்கு, அப்டேட் ஓடும்போது எவன்லே பிளக்க புடுங்கினது?” என்றான்.

அப்பா பக்கத்தில்தான் இருந்தார். போனை நான் காதோடு அழுத்திக்கொண்டேன். “கரண்டு போச்சுடே,” என்றேன். மேசைக்கடியில் இருந்ததால்தான் மகளின் பரீட்சை போனது என்று அப்பா ஏற்கனவே நினைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு பத்து நாள் அவர் தங்கையின் முகத்தைப் பார்த்துச் சாப்பாடு கேட்கவில்லை. அதன்மேல் இதையும் தூக்கி வைக்க என்னால் முடியவில்லை. தங்கைக்குத் தெரியும், நான் வயரை மாற்றிச் செருகியபோது அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளும் சொல்லவில்லை.

திருவனந்தபுரத்து ஏஜெண்ட் போனில், “சாரமில்ல, அடுத்த பேட்ச் நோக்காம்,” என்று மலையாளத்தில் சொன்னார்; பரவாயில்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று. பதிவுப் பணம் மறுபடி கட்டச் சொன்னார். அடுத்த பரீட்சையை அவருடைய அலுவலகத்திலேயே போய் எழுதி, தங்கை நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். அதற்குள் முதல் ஆஸ்பத்திரியில் இடம் நிரம்பிவிட்டது. கிடைத்தது வேறொன்று, கொஞ்சம் சின்னது. கையெழுத்துப் போடுமுன் அவள் சம்பளத்தை என்னிடம் காட்டினாள். முதலாவதைவிட மாதம் அறுநூறு திர்ஹாம் குறைவு.

“அப்பாட்ட சொல்லண்டாம்,” என்றாள்.

எவ்வளவு நஷ்டம் என்று அப்பா கேட்டபோது, இரண்டாவது முறை கட்டிய பதிவுப் பணம் மட்டும்தான் என்று சொன்னேன். தன் கூலியிலிருந்து வாரா வாரம் கொடுத்து அதை அடைத்துவிட்டு நிம்மதியானார். தங்கையின் ஒப்பந்தம் இரண்டு வருடம். மாதம் அறுநூறு வீதம், பதினாலாயிரத்து நானூறு திர்ஹாம்.