ஆறு மணி டாக்டர்

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட வண்டியைத் தாமதமாக எடுத்ததில்லை. ஐந்து நாற்பது என்றால் ஐந்து நாற்பதுதான். கல்யாணமான புதிதில், நான் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தும், அரை நிமிஷம் நிற்காமல் என்னை ஸ்டாப்பிலேயே விட்டுவிட்டுப் போன புண்ணியவான்.

அப்படிப்பட்டவருக்கு இந்த வருஷம் உடல்தகுதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. ரத்த அழுத்தம் நூற்று எழுபது. மறுபடி டாக்டரிடம் போனோம், நூற்று எண்பது. பழைய சான்றிதழ் இந்த மாதக் கடைசிவரைதான். அதற்குள் குறையாவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட்டு டிப்போவில் டயர் உருட்ட வேண்டியதுதான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். மனுஷன் தினமும் காலண்டரில் மிச்ச நாளை எண்ண ஆரம்பித்தார்.

உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். குறைத்தோம், சப்பென்று சாப்பிட்டோம். உப்பா காரணம்? மாலை ஆறு மணி என்று பலகையில் எழுதிவிட்டு எட்டேகாலுக்கு வருகிறவர் பேசுகிற பேச்சா இது? என் வீட்டுக்காரரோ ஆறிலிருந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆறரைக்குக் கால் ஆட ஆரம்பிக்கும். ஏழுக்குக் காது சிவக்கும். ஏழரைக்கு, இந்நேரம் இரண்டு டிரிப் முடித்திருப்பேன் என்பார். அதற்கப்புறம் கையில் பட்டையைச் சுற்றி அளந்தால் எகிறாமல் என்ன செய்யும்?

மூன்றாவது தடவை நான் ஒரு வேலை செய்தேன். "டோக்கனுக்கு நான் உக்கார்றேன். நீங்க டியூட்டி முடிச்சு டிப்போவுல வண்டியில உங்க சீட்லயே இருங்க. கூப்பிடும்போது வந்தா போதும்" என்றேன். டிப்போ அடுத்த தெருதான்.

டோக்கன் பதினாலு. ஏழு மணிக்கு வரவேற்பில் இருந்த பெண்ணைக் கேட்டேன், டாக்டர் கிளம்பிவிட்டாராம். எட்டுக்குக் கேட்டேன், அப்போதும் கிளம்பிவிட்டாராம். அப்படி எங்கிருந்துதான் கிளம்பினாரோ. எட்டரைக்கு வந்தார். நடுவில் டோக்கனே இல்லாத ஒருவர், சும்மா ஒரு சந்தேகம் கேட்கணும் என்று நுழைந்து இருபது நிமிஷம் உள்ளேயே இருந்தார். அவரோடு ஒரு சண்டை. அவரை விட்ட கம்பவுண்டரோடு ஒரு சண்டை. கம்பவுண்டருக்குப் பரிந்து பேசிய பல்வலிக்காரரோடும் ஒரு சண்டை.

பன்னிரண்டாம் நம்பர் உள்ளே போனதும் போன் போட்டேன். குளித்துவிட்டு வந்தவர் மாதிரி வந்து நின்றார். நூற்று இருபத்தாறு. உப்பைக் குறைத்த பலன் என்று டாக்டர் தன்னையே மெச்சிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். என் முகம் சரியில்லை என்று என் கையிலும் பட்டையைச் சுற்றினார் டாக்டர்.

நூற்றுத் தொண்ணூறு.

"அடுத்த வாரம் வந்து காட்டுங்கம்மா. ஆறு மணிக்கு."

வெளியே பெஞ்சில் என்னை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார் இவர். சான்றிதழைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்.

"அடுத்த வாரம் நீ வீட்லயே இரு. உன் டோக்கனுக்கு நான் உக்கார்றேன்" என்றார்.

அரை நிமிஷம் நிற்காத மனுஷன். எனக்கு மறுபடி அழுகை முட்டியது. குனிந்து பார்த்தேன், அவர் கால் இப்போதே ஆட ஆரம்பித்திருந்தது.